ட்ரிபிள் ஈ எடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கவுன்சிலிங்கில் ஈசிஈ (மின்னணு, தொடர்புப் பொறியியல்) கிடைக்காது போலிருக்கிறது. ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) எடுத்துவிட்டு அப்படியே ஐ.டி. பக்கம் போய்விடலாமா? (மாணவர், நாமக்கல்)

போகலாம், பலர் போகிறார்கள். ஆனால் அதற்காக மட்டும் எடுக்காதீர்கள். சர்க்யூட் தியரி, மெஷின்ஸ், பவர் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் என்று எதைத் தொட்டாலும் கணக்குதான். பிடிக்காமல் படித்தால் அரியர் சேரும், அப்புறம் ஐ.டி.யும் கைவிட்டுப் போகும். பிளஸ் டூ இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் பாடம் பிடித்திருந்ததா? அப்படியென்றால் தயங்க வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு இது சரிவருமா? "கரன்ட் கம்பத்தில் ஏறணுமே" என்கிறார் அவள் அப்பா. (ஒரு தாய், விருதுநகர்)

கம்பம் ஏறுவது லைன்மேன் வேலை. இன்ஜினியருக்குத் திட்டமிடல், வடிவமைப்பு, பராமரிப்பு, மேற்பார்வை. துணை மின்நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் வரலாம், அது ஆண்களுக்கும்தான். அவரிடம் அ. லலிதாவைப் பற்றிச் சொல்லுங்கள். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். கிண்டி பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் படித்து 1943-ல் முடித்தார். பின்னர் கல்கத்தாவில் வேலை பார்த்தபோது பக்ரா நங்கல் அணையின் மின் பணிகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது. அந்தக் காலத்திலேயே முடிந்தது இப்போதா முடியாது?

கேள்வி: பி.இ.யா, பி.டெக்.கா, எது உசத்தி? (மாணவி, தென்காசி)

இரண்டும் ஒன்றுதான். கல்லூரியையும் பாடத்திட்டத்தையும் பாருங்கள்.

கேள்வி: கோர் வேலைதான், அதாவது படித்த துறையிலேயே வேலைதான் வேண்டும் என்று இருக்கிறேன். எங்கே தேடுவது? (மூன்றாம் ஆண்டு மாணவர், திருச்சி)

பிடிவாதம் நல்லதுதான், கூடவே பொறுமையும் வேண்டும். கோர் கம்பெனிகள் கேம்பஸுக்கு வருவது குறைவு. முதலில் கேட் (GATE) எனும் பொறியியல் பட்டதாரிகளுக்கான தேர்வை எழுதுங்கள். பவர்கிரிட், என்டிபிசி போன்ற பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்து ஆள் எடுப்பது வழக்கம். மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். யுபிஎஸ்சி நடத்தும் பொறியியல் பணித் தேர்விலும் எலக்ட்ரிக்கலுக்குத் தனிப் பிரிவு உண்டு.

பவர் எலக்ட்ரானிக்ஸை மட்டும் ஒப்பேற்றிவிடாதீர்கள். கரூர் மாவட்டம் புகளூருக்கு சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரிலிருந்து 800 கிலோவோல்ட் டிசி (நேர் மின்னோட்ட) லைன் வருகிறது, திறன் 6,000 மெகாவாட். அந்த டிசியை ஏசியாக (மாறு மின்னோட்டமாக) மாற்றுவதும், ஓசூரில் தயாராகும் மின்சார ஸ்கூட்டரில் பேட்டரியிலிருந்து மோட்டாரை ஓட்டுவதும் அடிப்படையில் ஒரே பாடம்தான்.

இன்டர்வியூவில் பெரிதாக எதுவும் கேட்க மாட்டார்கள். "டிசி ஷன்ட் மோட்டாரை ஸ்டார்ட் செய்யும்போது பீல்டு ரியோஸ்டாட்டை ஏன் மினிமத்தில் வைக்கிறோம்?" ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் எழுதியிருப்பார்கள், காரணம் கேட்டால் முழிப்பார்கள். ரியோஸ்டாட் என்பது ரெசிஸ்டன்ஸைக் கூட்டிக் குறைக்கும் கருவி; பீல்டு என்பது மோட்டாருக்குக் காந்தப்புலம் தரும் சுருள். ரெசிஸ்டன்ஸ் குறைந்தால் பீல்டு கரன்ட் கூடும், ஃப்ளக்ஸ் (காந்தப் பாயம்) கூடும். ஸ்டார்ட்டிங் டார்க் (தொடக்கச் சுழற்று விசை) நன்றாகக் கிடைக்கும், வேகமும் கட்டுக்குள் நிற்கும். அடுத்து, "ஓடும்போது பீல்டு ஒயர் கழன்றால்?" என்பார்கள். லோடு இல்லாத மோட்டார் தறிகெட்டு வேகமெடுக்கும். லேபில் பக்கத்து பெஞ்சு ரீடிங்கைக் காப்பியடித்தவர் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்.

கேள்வி: டிப்ளமோ முடித்துவிட்டேன். வேலைக்குப் போவதா, பி.இ. சேர்வதா? (வாசகர், கோவில்பட்டி)

வீட்டு நிலைமை இடம் கொடுத்தால் சேருங்கள். நேரடியாக இரண்டாம் ஆண்டில் இடம் உண்டு. வயரிங், மோட்டார் எல்லாம் உங்களுக்குக் கைவந்திருக்கும், கணக்குதான் இழுக்கும். சேருவதற்கு முன்பே கால்குலஸைத் தூசி தட்டி வையுங்கள்.