கேள்வி பதில்: தேர்தல் செய்தியும் நம்ம மண்டையும்

அல்சூர் வாசகர்: வாட்ஸ்அப்பில் வரும் அரசியல் புரளியை அப்பா நம்பிவிடுகிறார். மறுத்தால் பிடிவாதம்தான் கூடுமாமே?

அந்தப் பயம் 2010-இல் அமெரிக்க அரசியல் ஆய்வாளர்கள் நைஹன், ரைஃப்ளர் நடத்திய ஆய்வில் கிளம்பியது. 2019-இல் வுட்டும் போர்ட்டரும் 52 விஷயங்களில் சோதித்தபோது அது அநேகமாகத் தலைகாட்டவில்லை. தகவல் திருந்தும், கட்சிப் பற்று அசையாது, அதை எதிர்பார்க்காதீர்கள். முதலில் உண்மையை ஒரே வரியில் சொல்லுங்கள். பிறகு "ஒரு புரளி சுத்துது" என்று எச்சரித்து, புரளியை ஒரே ஒரு தடவை. எங்கே தப்பு என்பது அடுத்து. முடிவில் மறுபடி உண்மை. குடும்பக் குரூப்பில் வேண்டாம், தனியாகப் பேசுங்கள். நாலு பேர் எதிரில் யார் இறங்கி வருவார்? அந்தப் படத்தை மட்டும் "இது பொய்" என்று எழுதிக்கூடத் திருப்பிப் போடாதீர்கள்.

சிவாஜிநகர் வாசகி: பொய் என்று எழுதித்தானே போடுகிறோம், மேடம்?

1977-இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோ என்ற உளவியலாளர்கள் இரண்டு வார இடைவெளியில் மூன்று தடவை வாக்கியங்களை மதிப்பிடச் சொன்னார்கள். திரும்பத் திரும்பக் கேட்டவை, பொய்யானாலும், மேலும் நம்பத்தக்கதாகத் தோன்றின. நீங்கள் எழுதிய "பொய்" மறந்துபோகலாம், வாக்கியம் தங்கிவிடலாம்.

வைட்ஃபீல்ட் வாசகர்: காவிரி என்றாலே கன்னடச் சேனல்கள் நமக்கு எதிர்தானே?

தமிழ்ச் சேனல்களைப் பற்றி உங்கள் கன்னட நண்பர் என்ன சொல்கிறார்? 1982-இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதிகள் படுகொலை செய்யப்பட்ட செய்திகளை ஸ்டான்ஃபோர்டு மாணவர்களுக்குக் காட்டினார்கள். அந்த ஆய்வு 1985-இல் வெளிவந்தது. இஸ்ரேல் ஆதரவாளர், அரபு ஆதரவாளர் இருவரும் பார்த்தது ஒரே காட்சிகள். "நமக்கு எதிரான செய்தி" என்றார்கள் இருவரும்.

அதே வாசகர்: நடுநிலை வேஷம் போடாதீங்க மேடம்!

சேனல்கள் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிப் பாருங்கள் என்கிறேன். 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றக் காவிரித் தீர்ப்பில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி; கர்நாடகத்துக்குக் கூடுதலாக 14.75, அதில் பெங்களூருக்கு 4.75. தலைப்பில் எந்த எண் வந்தது, முதலில் யாரைப் பேசவிட்டார்கள், எத்தனை நொடி?

கே.ஆர்.புரம் வாசகர்: நண்பரோடு சேர்ந்தே எண்ணலாமா?

எண்ணலாம், ஆனால் தனித்தனித் தாளில். முடித்த பிறகு ஒப்பிடுங்கள். நொடிக்கணக்கு ஒத்துப்போய், "எதிர்" என்பதில் மட்டும் முட்டிக்கொண்டால், அந்த வித்தியாசம் சேனலில் இல்லை.

வைட்ஃபீல்ட் வாசகர்: எண்ணினேன். எதிர்தான்.

தாளை நண்பரிடம் காட்டுங்கள்.

ஜெயநகர் வாசகி: மறுத்தால் பிடிவாதம் கூடுமா?

முதல் பதில்.

இந்திராநகர் வாசகர்: விளம்பரம் படிக்காதவர்களைத்தானே ஏமாற்றும்?

"என்னை ஒன்றும் செய்யாது, மற்றவர்களைத்தான்" என்று பலரும் நினைப்பதைச் சமூகவியலாளர் டேவிசன் 1983-லேயே எழுதிவிட்டார். நீங்களும் வரிசையில்தான் நிற்கிறீர்கள்.

ராஜாஜிநகர் வாசகர்: யார் ஜெயிப்பார்?

ஜோசியரைக் கேளுங்கள்.

மல்லேஸ்வரம் வாசகி: இந்தப் படம் பொய்யா? இங்கேயே போட்டிருக்கிறேன்.

அழித்துவிட்டு, என்ன படம் என்று வார்த்தையில் கேளுங்கள். மேலே இரட்டை அம்புக்குறி இருக்கிறது. பல கை மாறி வந்த சரக்கு.