‘16 லட்சம் திர்ஹாமுக்கு துபாயில் வில்லா... வாங்கலாமா சார்?’

கேள்வி: சார், எனக்கு வயது 42. துபாயில் 13 வருடமாகத் தனியார் வேலை. சம்பளம் மாதம் 24,000 திர்ஹாம். மனைவி அல் குசைஸில் ஓர் இந்தியப் பள்ளியில் ஆசிரியை, அவருக்கு 8,000. பிள்ளைகள் இருவரும் அதே பள்ளி. பக்கத்திலேயே இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் இருக்கிறோம், வருட வாடகை 72,000. டமாக் ஹில்ஸ் 2-இல் மூன்று பெட்ரூம் வில்லா ஒன்று 16 லட்சம் திர்ஹாமுக்கு வந்திருக்கிறது. துபாயில் இந்த விலைக்கு வில்லா இனி கிடைக்காது என்கிறார் ஏஜென்ட். கையில் 2.4 லட்சம் திர்ஹாம் இருக்கிறது, என்.ஆர்.இ. டெபாசிட்டில் 45 லட்சம் ரூபாய். பற்றாக்குறைக்குத் திருச்சியில் இருக்கும் ஒரு கிரவுண்ட் மனையை விற்கலாம் என்று யோசனை. கார் லோன் மாதம் 1,600, கிரெடிட் கார்டுகளின் மொத்த லிமிட் 60,000. 52 வயதில் ஊருக்குத் திரும்ப நினைக்கிறோம். இந்த வாரமே 10% செக் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், துபாய்

பதில்: முதலில் அந்த செக். வங்கியின் முன் ஒப்புதல் கடிதம் கைக்கு வரும் வரை அதைக் கொடுக்காதீர்கள். துபாயில் ஒருவர் வைத்திருக்கும் வீட்டை வாங்கும்போது இரு தரப்பும் ‘ஃபார்ம் எஃப்’ என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அதோடு வாங்குபவர் வழக்கமாக 10% செக் கொடுப்பார். உங்களுக்கு அது 1.6 லட்சம் திர்ஹாம். கையெழுத்துப் போட்ட பிறகு நீங்கள் விலகினால், விற்பவர் அந்தப் பணத்துக்கு உரிமை கோரலாம். ‘லோன் கிடைக்கவில்லை’ என்ற காரணம் தானாகச் செல்லுபடியாகாது. அது நிபந்தனையாக ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

உங்களுக்கு லோன் சிக்கலாக வாய்ப்பிருக்கிறது, அதனால்தான் இதை முதலில் சொன்னேன். அங்கே மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது மத்திய வங்கியின் விதி. உங்கள் சம்பளத்தை மட்டும் எடுத்தால் வரம்பு 12,000. வீட்டுத் தவணை சுமார் 8,100 (கணக்கு கீழே வருகிறது), கார் 1,600. கிரெடிட் கார்டில் ஒரு திர்ஹாம்கூட பாக்கி இல்லாவிட்டாலும் லிமிட்டில் 5 சதவீதத்தை மாதச் சுமையாகச் சேர்ப்பது வங்கிகளின் வழக்கம், அது 3,000. ஆகமொத்தம் 12,700. இரண்டு கார்டுகளை மூடினாலோ, மனைவியைச் சேர்த்து விண்ணப்பித்தாலோ சமாளிக்கலாம். ஆனால் இதையெல்லாம் செக் கொடுப்பதற்கு முன் முடித்திருக்க வேண்டும்.

சரி, வாங்கலாமா? இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். வீடு மோசம் என்றோ, துபாய் விலை நாளைக்கே சரியும் என்றோ நான் சொல்லவில்லை. உங்கள் சேமிப்புக்கும், நீங்கள் அங்கே இருக்கப்போகும் காலத்துக்கும் இந்த வீடு பொருந்தவில்லை.

கணக்கைப் பார்ப்போம். 50 லட்சம் திர்ஹாம் வரை விலையுள்ள முதல் வீட்டுக்கு வெளிநாட்டவருக்கு 80% வரை கடன் கிடைக்கும். மீதி 20%, அதாவது 3.2 லட்சம், உங்கள் கைப்பணம். அதோடு நிற்காது. நிலத்துறைப் பதிவுக்கு 4%, அது 64,000. ஏஜென்ட் கமிஷன் 2 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் சேர்ந்து 33,600. சொத்து கைமாறுவதைப் பதிந்து தரும் டிரஸ்டி அலுவலகத்துக்கு 4,200. அடமானத்தைப் பதிய கடன் தொகையில் கால் சதவீதம், சில்லறைக் கட்டணத்தோடு 3,490. வங்கியின் பிராசஸிங் கட்டணம் 1% என்றால் வாட்டோடு 13,440. வேல்யுவேஷனுக்கு ஒரு 3,000, உரிமைப் பத்திரம் போன்றவற்றுக்கு இன்னும் கொஞ்சம். இவை மட்டும் சுமார் 1.22 லட்சம். முன்பெல்லாம் சில வங்கிகள் பதிவுக் கட்டணத்தையும் கமிஷனையும் லோனிலேயே சேர்த்துக் கொடுத்தன. 2025 பிப்ரவரியிலிருந்து மத்திய வங்கி அதை நிறுத்திவிட்டது. ஆக, சாவி வாங்கும் நாளில் 4.42 லட்சம் ரொக்கமாக வேண்டும். வில்லாவுக்கு தீவா (மின்சாரம், தண்ணீர் வாரியம்) டெபாசிட் 4,000, திரைச்சீலை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் என்று அப்புறம் வருவது தனி.

உங்களிடம் இருப்பது? ரூபாய் டெபாசிட்டையும் உடைத்தால் ஏறக்குறைய 4.25 லட்சம். அதாவது கடைசி காசு வரை துடைத்துப் போட்டாலும் போதாது. அடுத்த மாதம் வேலை போனால் என்ன ஆகும்? கட்டாய வேலையிழப்புக் காப்பீடு அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதத்தை மூன்று மாதத்துக்குக் கொடுக்கும், அதற்கும் உச்சவரம்பு உண்டு. தவணையோ நிற்காது. நீண்டகாலம் வசிக்க அனுமதிக்கும் கோல்டன் விசா கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால், சொத்து வழியில் அதற்கு 20 லட்சம் திர்ஹாம் மதிப்பு வேண்டும். உங்கள் வீடு அந்தக் கணக்கில் வராது.

இப்போது தவணை. 12.8 லட்சம் கடன், 4.5% வட்டி, 20 வருடம் என்றால் மாதம் சுமார் 8,100. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டினால் 2.9 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். அதில் அசல் குறைந்திருப்பது 1.27 லட்சம் மட்டுமே. முதல் நாள் கட்டணங்களாகப் போன 1.22 லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று வருட உழைப்பு கிட்டத்தட்ட அந்த ஒரு நாளை ஈடுகட்டத்தான். மேலும், அங்கே பெரும்பாலான கடன்களில் முதல் சில வருடங்களுக்குத்தான் நிலையான வட்டி. பிறகு எய்போரோடு, அதாவது அமீரக வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுக்கும் வட்டியோடு, சேர்ந்து ஏறி இறங்கும். மூன்று வருடம் கழித்து வட்டி 6.5% ஆனால் தவணை சுமார் 9,350 ஆகிவிடும்.

விற்கும்போதும் செலவு உண்டு. கமிஷன், கடனை முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் (நிலுவையில் 1% அல்லது 10,000, எது குறைவோ அது), டெவலப்பரின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று). உள்ளே வரவும் வெளியே போகவும் ஆகும் செலவைக் கூட்டினால் வீட்டு விலையில் 10 சதவீதத்துக்கு மேல். அதாவது விலை 10% ஏறினால்தான் நஷ்டமில்லாமல் வெளியே வரலாம், கட்டிய வட்டியைச் சேர்க்காமலே. துபாயில் விலை ஏறுவது புதிதல்ல, இறங்குவதும் புதிதல்ல. 2008-09-இல் பாதாளத்துக்குப் போனது. 2014-க்குப் பிறகு ஆறு வருடம் மெல்ல மெல்ல இறங்கியது. 2021-இல் தொடங்கிய ஏற்றத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்த ஆறு வருடம் நினைவிருக்காது. ஏஜென்ட் அதை நினைவுபடுத்துவார் என்று எதிர்பார்க்கவும் கூடாது.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உறுத்துவது ஊர் திரும்பும் திட்டம்தான். இன்னும் பத்து வருடத்தில் திரும்புவீர்கள். அன்றைக்கு இதே 4.5 சதவீதத்திலேயே கணக்குப் போட்டாலும் 7.8 லட்சம் திர்ஹாம் கடன் பாக்கி இருக்கும். திருச்சியில் ரூபாயில் சம்பாதித்து, டாலரோடு கட்டப்பட்ட திர்ஹாமில் தவணை கட்ட முடியுமா? வாடகை வந்து கட்டும் என்பீர்கள். கட்டலாம். ஆனால் வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தாலோ, ஏசி கம்ப்ரசர் போனாலோ கையிலிருந்துதான் போகும். அப்புறம் வரி. துபாயில் தனிநபரின் வாடகைக்கு வருமான வரி இல்லை. ஆனால் நீங்கள் இந்தியாவில் முழுமையான குடியிருப்பாளர் ஆனதும் அந்த வாடகை இந்தியாவில் வரிக்கு உட்பட்டது. வீட்டையும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் வருடா வருடம் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும். வீட்டை வைத்திருக்கத் தடை எதுவும் இல்லை. வெளிநாட்டில் வசிக்கும்போது வாங்கிய சொத்தை ஊர் திரும்பிய பிறகும் வைத்துக்கொள்ள ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது.

திருச்சி மனையை இதற்காக விற்காதீர்கள். நீண்டகால லாபத்துக்கு 12.5% வரி. பணவீக்கத்தைக் கழித்து 20% கட்டும் மாற்று வழி 2024 ஜூலைக்கு முன் வாங்கிய மனைகளுக்கு உண்டு, ஆனால் இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். என்.ஆர்.ஐ.க்கு இல்லை. மனை விற்ற பணத்தில் வீடு வாங்கினால் கிடைக்கும் வரிவிலக்கும் இந்தியாவுக்குள் வாங்கும் வீட்டுக்குத்தான், துபாய் வீட்டுக்குச் செல்லாது. வாங்குபவர் டி.டி.எஸ். பிடிப்பார், பணம் என்.ஆர்.ஓ. கணக்கு (என்.ஆர்.ஐ.யின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) வழியாக ஆடிட்டர் சான்றிதழோடு வெளியேற வேண்டும். முடிவதற்குள் உங்கள் ஃபார்ம் எஃப் கெடு தாண்டிவிடும். தவிர, 52 வயதில் ஊர் திரும்புகிறவருக்கு ஊரில் ஒரு கிரவுண்ட் இருப்பதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த விலையில் ‘வில்லா’ என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் டவுன்ஹவுஸ், அதாவது பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடு. தவறில்லை, ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். மிடில் யூனிட்டா, எண்டு யூனிட்டா? பின்பக்கம் இன்னொரு வீடு முகத்துக்கு முகம் நிற்கும் பேக் டு பேக்கா, சிங்கிள் ரோவா? ஒரே தெருவிலேயே இவற்றுக்கு விலை வேறு, பின்னால் விற்கும்போது கிராக்கியும் வேறு. உள்ளே வாடகைதாரர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நீங்கள் குடிபோக வேண்டும் என்றாலும் அவருக்கு நோட்டரி மூலமோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும்.

2024 ஏப்ரல் 16 மழையின்போது அந்தத் தெருவில் தண்ணீர் நின்றதா என்று கேட்க மறக்காதீர்கள். 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அமீரகம் அப்படி ஒரு மழையைப் பார்த்ததில்லை. ஏஜென்டைக் கேட்டால் பயனில்லை. தெருக்கோடி மளிகைக்கடைக்காரரையும் வாட்ச்மேனையும் கேளுங்கள், இரண்டு வருடம் கழித்தும் சரியாகச் சொல்வார்கள்.

அப்புறம் தூரம். டமாக் ஹில்ஸ் 2 பாலைவனத்தின் உட்பக்கம் இருக்கிறது, மெட்ரோ கிடையாது. அங்கிருந்து அல் குசைஸ் சாலையில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். இப்போது நடந்து போகும் மனைவியும் பிள்ளைகளும் காலை நெரிசலில் தினமும் இதைக் கடக்க வேண்டும். இரண்டாவது கார், பெட்ரோல், வழியில் சாலிக் என்ற சுங்கக் கேட் வந்தால் நெரிசல் நேரத்தில் ஒன்றுக்கு 6 திர்ஹாம். வீடு மலிவாகக் கிடைப்பதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். விலைப்பட்டியலில் அது தெரியாது.

அதனால் நான் சொல்வது இதுதான். அந்தப் பகுதி அவ்வளவு பிடித்திருந்தால் ஒரு வருடம் அங்கே வாடகைக்கு இருந்து பாருங்கள். நீங்கள் வாங்கினால் முதல் வருடச் செலவு என்ன தெரியுமா? வட்டி 57,000, முடக்கிய 4.42 லட்சத்துக்கு 4% வைத்தாலும் இழக்கும் வருமானம் 17,700, சர்வீஸ் சார்ஜ், பராமரிப்பு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஒரு 20,000. மொத்தம் 95,000 பக்கம். அதே மாதிரி வீடு அதே தெருவில் அந்தத் தொகைக்கு வாடகைக்குக் கிடைத்தால் வாங்க அவசரமே இல்லை. பிள்ளைகள் பயணத்துக்குப் பழகுகிறார்களா, கோடையில் மின்கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஒரு வருடத்தில் தெரிந்துவிடும்.

கட்டி முடிக்காத வீட்டை மாதம் 1% கட்டி வாங்கலாம் என்று அடுத்த ஏஜென்ட் வருவார், சென்னை ஹோட்டல்களில்கூட அந்த மேளா நடக்கிறது. அதில் கட்டி முடிக்கும் தேதி தள்ளிப்போகும் அபாயம் உங்களுடையது. அதுவரை வாடகையும் தவணையும் இரட்டைச் சுமை. பார்த்தே ஆக வேண்டும் என்றால் திட்டத்தின் எஸ்க்ரோ கணக்கை (வாங்குபவர்களின் பணத்தைப் பாதுகாக்கும் தனி வங்கிக் கணக்கு) நிலத்துறையின் துபாய் ரெஸ்ட் செயலியில் சரிபாருங்கள், பணத்தை அந்தக் கணக்கைத் தவிர வேறெங்கும் போடாதீர்கள். 2025 ஜூலையில் வந்த ‘முதல்முறை வீடு வாங்குவோர்’ திட்டத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். 50 லட்சம் திர்ஹாம் வரையிலான வீடுகளுக்குப் பொருந்தும், பதிவுக் கட்டணத்தை வட்டியில்லாத் தவணையில் கட்டவும் அதில் வழியிருக்கிறது.

எப்போது மறுபடி யோசிக்கலாம்? கார் லோன் முடிந்து, மேலே சொன்ன 4.42 லட்சத்துக்கு வெளியே ஆறு மாதக் குடும்பச் செலவு தனியாக இருக்கும்போது. அல்லது ஊர் திரும்பும் எண்ணத்தை 60 வயதுக்குத் தள்ளிப் போட்டால். அப்போது கடனை 12, 13 வருடத்தில் முடிக்கும்படி சிறிய தொகையாக எடுங்கள். எப்போது வாங்கினாலும், பதிவு முடிந்த அந்த மாதமே கணவன் மனைவி இருவரும் துபாய் சொத்துக்கென்று தனி உயில் எழுதி அங்கேயே பதிந்துவிடுங்கள். டி.ஐ.எஃப்.சி. (துபாய் சர்வதேச நிதி மையம்) உயில் மையத்திலோ துபாய் நீதிமன்றத்திலோ அதற்கு வசதி இருக்கிறது.