உப்புப் பாறைக்குள் நீர்த்துளிகள்: வாயு சேமிக்கலாமா?

கேள்வி: சுமார் 900 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த உப்புப் பாறை மாதிரியில் நீர்த்துளிகள் தெரிகின்றன. அங்கே வாயு சேமிக்கக் குகை குடையலாமா? கசிந்துவிடாதா?

பதில்: துளிகளை மட்டும் பார்த்து இடத்தைத் தள்ளிவிட வேண்டாம். அந்த ஆழத்தில் உப்புநீர் படிக மூலைகளில் தனித்தனியாக அடைபட்டிருக்கும். ஒரு துளிக்கும் அடுத்ததற்கும் வழி இருக்காது. படிக விளிம்பில் நீர் அமரும் கோணம் 60 பாகைக்குக் கீழே போனால்தான் துளிகள் இணைந்து வாய்க்காலாகும். அதற்குப் பல கிலோமீட்டர் ஆழத்து வெப்பமும் அழுத்தமும் வேண்டும்.

ஆய்வகத்தில் ஊடுருவுதிறன் (பாறை வழியே திரவமோ வாயுவோ எவ்வளவு எளிதாகக் கடக்கும் என்ற அளவு) கூடுதலாக வந்தால் உடனே நம்பாதீர்கள். பாரம் நீங்கி மேலே வந்த உப்பில் நுண்விரிசல் விழுந்திருக்கும். சாதாரணத் தண்ணீர் விட்டு அறுத்தால் மாதிரியே கரையும். உலர்வாகவோ நிறைசெறிவு உப்புநீர் விட்டோ அறுக்க வேண்டும். பிறகு நிலத்தடி அழுத்தத்தில் சில நாட்கள் வைத்து, விரிசல் மூடியபின் அளக்க வேண்டும். கலையாத உப்பில் மதிப்பு 10⁻²⁰ சதுர மீட்டருக்கும் கீழே இறங்கும்.

உண்மையில் கசிவு வருவது வேறு இடங்களில். உப்புக்கு நடுவே ஓடும் களிமண், அன்ஹைட்ரைட் (நீரற்ற கால்சியம் சல்பேட் கனிமம்) பட்டைகள் ஒன்று. குகைக்குள் அழுத்தம் பாறையின் மிகக்குறைந்த தகைவை (எந்தத் திசையில் பாறை மிகக் குறைவாக இறுக்கப்படுகிறதோ அந்த அளவை) தாண்டினால் படிக எல்லைகள் விலகி வாயு நுழையும். அதனால்தான் உச்ச அழுத்தத்தை, உறைக்குழாயின் (கிணற்றுச் சுவரோடு சிமென்டால் ஒட்டிய இரும்புக் குழாயின்) அடிமுனையில் உள்ள மேல்பாறை அழுத்தத்தில் சுமார் 80 விழுக்காட்டோடு நிறுத்துவார்கள். ரொம்பக் குறைத்தாலும் ஆபத்துதான்: உப்பு மெல்ல நகர்ந்து குகையைச் சுருக்கும், சுவர் உதிரும். உப்புக் குவிமாடத்தின் (கீழிருந்து மேலெழும்பி நிற்கும் உப்புத் திரளின்) ஓரமும் நம்பத்தக்கதல்ல. 2012-இல் லூசியானாவின் பேயூ கார்னில் ஓரத்தை ஒட்டியிருந்த குகையின் சுவர் உடைந்து, மேலே நிலம் உள்வாங்கியது.

எல்லாவற்றையும்விடச் சந்தேகப்பட வேண்டியது கிணற்றின் சிமென்ட். உறைக்குழாய்க்கும் உள்ளே தொங்கும் குழாய்க்கும் இடையே நைட்ரஜனைச் செலுத்தி, அதன் அடிமட்டத்தை அடிமுனைக்குக் கீழே, குகையின் கழுத்தில் நிறுத்துங்கள். மட்டத்தைக் குறித்து, குறைந்தது 24 மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். வெப்பநிலை, அழுத்த மாற்றங்களைக் கழித்த பிறகும் மட்டம் மேலேறியிருந்தால் நைட்ரஜன் எங்கோ வெளியேறுகிறது. கழிக்காமல் முடிவுக்கு வராதீர்கள்: மூடிய குகையில் உப்புநீர் 1 பாகை செல்சியஸ் சூடேறினாலே அழுத்தம் ஏறத்தாழ 10 பார் உயரும், சிறு கசிவு அதில் மறைந்துவிடும்.

இன்னொன்று: குகையை நீர் விட்டுக் கரைத்துத்தான் குடைவார்கள். கார்னலைட் போன்ற பொட்டாசிய உப்புகள் இருந்தால் அவை வேகமாகக் கரைந்து குகையைக் கோணலாக்கும்; குடையும்போது அடிக்கடி சோனார் (ஒலி எதிரொலியால் குகை வடிவைக் காணும்) அளவீடு எடுங்கள்.