பாட்டனார் பெட்டியில் சீன வெள்ளி: அசலா, வார்ப்பா?

கேள்வி: என் பாட்டனார் பினாங்கில் வட்டிக்கடையில் கணக்குப் பார்த்தவர். அவருடைய பெட்டியில் 11 பெரிய வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. ஆறில் மீசை வைத்த ஒருவரின் தலை, இரண்டில் பாய்மரக் கப்பல், மூன்றில் சூலம் ஏந்தி நிற்கும் பெண். எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. நகைக்கடையில் "உரசிப் பார்த்துச் சொல்கிறோம்" என்கிறார்கள். கொடுக்கலாமா? (காரைக்குடி வாசகர்)

பதில்: கொடுக்காதீர்கள். உரைகல்லில் தேய்த்த தழும்பும் அரம் பட்ட விளிம்பும் பிறகு மாறாது. நாணயம் அசலாகவே இருந்தாலும் சேகரிப்பவர் கொடுக்கும் விலை இறங்கிவிடும். விபூதி, பல்பொடி, புளி எதையும் போட்டுத் துலக்கவும் வேண்டாம். அந்தக் கறுப்பும் ஒரு தடயம்தான். ஏன் என்று கீழே வருகிறது.

முதலில் கையில் இருப்பது எது என்று தெரிய வேண்டும். சூலம் ஏந்திய பெண் இருப்பது சீன நாணயமே அல்ல. பிரிட்டிஷ் வணிக டாலர். பின்புறம் சீன எழுத்தும் ஜாவி எழுத்தும் (அரபு வரிவடிவில் எழுதும் மலாய்) இருப்பதால் பலரும் சீனக் காசு என்றே நினைக்கிறார்கள். 1895 முதல் 1935 வரை ஆங்காங், மலாயாப் பக்கத்துப் புழக்கத்துக்காக அடிக்கப்பட்டது. பெரும்பகுதி பம்பாய் நாணயச் சாலையில் உருவானது. சூலத்தின் நடு முள்ளில் 'B' என்ற ஆங்கில எழுத்து பொடியாகத் தெரியும்.

மீசைக்காரர் சீனக் குடியரசின் அதிபராக இருந்த யுவான் ஷிகாய். இந்த ஒரு யுவான் நாணயத்தில் சீனக் குடியரசின் 3, 8, 9, 10 என்று நான்கு ஆண்டுகள் மட்டுமே உண்டு. 1911ஐக் கூட்டினால் 1914, 1919, 1920, 1921. சீனம் தெரிந்திருக்க வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். தலைக்கு மேல் உள்ள எழுத்துகளை வலமிருந்து இடமாக எண்ணுங்கள். 3ஆம் ஆண்டு நாணயத்தில் ஆறு எழுத்து, மற்ற மூன்றிலும் ஏழு. ஐந்தாவது எழுத்துதான் ஆண்டு: மூன்று படுக்கைக் கோடு என்றால் 3, கூட்டல் குறி என்றால் 10, கூரைபோல் சரியும் இரண்டு கோடு என்றால் 8. கணக்கு இடித்தால் அதற்கு மேல் சோதிக்கத் தேவையில்லை.

கப்பல் நாணயத்தின் மறுபக்கத்தில் இருப்பவர் சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்சென். கப்பலுக்கு மேல் பறவைகளும் பக்கத்தில் எழும் சூரியனும் இருந்தால் அது 21ஆம் ஆண்டாக (1932) இருக்க வேண்டும். சூரியன் ஜப்பானை நினைவூட்டியதால் அந்த வடிவத்தைக் கைவிட்டார்கள். 22, 23ஆம் ஆண்டுகளில் பறவையும் இல்லை, சூரியனும் இல்லை. பறவையோடு 23 என்று போட்டிருந்தால் போலி செய்தவன் அவசரப்பட்டிருக்கிறான். (23ஆம் ஆண்டு என்று பொறித்த நாணயங்களை 1949இல் அமெரிக்க நாணயச் சாலைகளும் சீனாவுக்காக அடித்துக் கொடுத்தன. அவை போலிகள் அல்ல.)

இனி எடை. மூன்று வகையுமே 39 மி.மீ. அகலத்தை ஒட்டியவை, 26.7 முதல் 27 கிராம் வரை. வெள்ளி யுவானில் 89 விழுக்காடு, கப்பலில் 88, வணிக டாலரில் 90, மீதி செம்பு. நன்றாகத் தேய்ந்த காசு 26.3 வரை இறங்கலாம். 23 கிராம் காட்டினால் வெள்ளி பூசிய செம்பு-நிக்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எடை சரியாக இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது. கொஞ்சம் தடிமனாக அடித்தால் மட்டமான உலோகத்திலும் 26.8 கிராம் வந்துவிடும். ஏமாற்ற முடியாதது அடர்த்தி. இந்தக் கலவை வெள்ளிக்கு அது 10.3. செம்பு-நிக்கலுக்கு 8.9, பித்தளைக்கு 8.5 அளவில். இதை வீட்டிலேயே பார்க்கலாம். 0.01 கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசும் மெல்லிய நைலான் நூலும் போதும். நாணயத்தை உலர்வாக நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசில் தண்ணீர் வைத்த பிளாஸ்டிக் டம்ளரை வைத்து, சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். நாணயத்தை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது நாணயம் விலக்கிய நீரின் எடை. உலர் எடையை இதனால் வகுங்கள். 26.8 கிராம் காசு 2.60 காட்டினால் 10.3, அசல் வெள்ளி. 3.01 காட்டினால் 8.9. வித்தியாசம் இவ்வளவு பெரிது என்பதால் சின்னப் பிசகுகள் பாதிக்காது.

பிசகு எங்கே வரும்? காசு அடியைத் தொட்டால் எண் திடீரென்று எகிறும். விளிம்பு வரிகளில் காற்றுக் குமிழ் ஒட்டினால் நீர் எடை கூடி, அசலும் போலிபோலத் தெரியும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் விட்டால் குமிழ் நிற்காது. மூன்று முறை பாருங்கள். 10.15 முதல் 10.4 வரை வந்தால் ஏற்கலாம். முடிந்ததும் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

காந்தம் ஒட்டினால் போலி. ஒட்டாததால் அசல் ஆகிவிடாது, செம்பும் பித்தளையும்கூட ஒட்டாது. விளிம்பில் ஊதி காதில் வைத்துக் கேட்கும் பழைய சீன வழக்கம் சுவையானதுதான், ஆனால் வெள்ளியில் செய்த போலியும் பாடும், கீறல் விட்ட அசல் பாடாது. நகைக்கடையில் இருக்கும் எக்ஸ்ரே கருவி காசைக் கெடுக்காது. ஆனால் அது மேற்தோலை மட்டுமே படிக்கும், கனமாக வெள்ளி பூசியிருந்தால் ஏமாறும். தண்ணீர்ச் சோதனையோடு சேர்த்துத்தான் அதை நம்பலாம். துத்தநாகமோ நிக்கலோ கணிசமாகக் காட்டினால் விட்டுவிடுங்கள்.

வெள்ளியிலேயே செய்த போலிகள்தான் உண்மையான தலைவலி. இங்கே பத்து மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். அசல் காசில் தேய்மானம் மேடான இடத்தில் தொடங்கும்: யுவானின் கன்னம், காதுக்கு மேல் முடி. பள்ளத்தில் உள்ள எழுத்தின் ஓரங்கள் கூர்மையாகவே நிற்கும். வார்ப்பில் (அச்சில் அடிக்காமல் உருக்கி ஊற்றிய போலியில்) மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கியிருக்கும், தளத்தில் ஊசிக்குத்துப்போல் பொடிக் குழிகள் தெரியும், விளிம்பு வரிகளுக்கு நடுவே இணைப்புக் கோடு ஓடலாம். கறுப்பைப் பாருங்கள்: காலத்தால் வந்தது எழுத்தோரங்களில் அடர்ந்தும் மேட்டில் வெளிறியும் இருக்கும், ரசாயனம் தடவியது முழுதும் ஒரே மையாக அப்பியிருக்கும்.

உங்களிடம் ஆறு யுவான் இருப்பது ஒரு வசதி. ஒரே ஆண்டைச் சேர்ந்தவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டில் ஒரே இடத்தில் ஒரே கீறலோ ஒரே குழியோ இருந்தால், புழக்கத்தில் பட்ட அடி அப்படிப் பொருந்தாது. இரண்டும் ஒரே போலி அச்சில் பிறந்தவை. வணிக டாலரில் சின்னச் சின்னச் சீன முத்திரைகள் குத்தியிருந்தால் பயப்பட வேண்டாம், அவை வெள்ளியைச் சோதித்த வியாபாரிகள் குத்திய சாப்பா.

சோதனையில் தேறியவற்றில், சாதாரண யுவான் ஒன்றில் சுமார் 23.8 கிராம் சுத்த வெள்ளி உண்டு. அந்த விலைக்குக் கீழே கேட்பவரிடம் பேச வேண்டாம். 1932 கப்பலோ, 'எல். ஜியோர்ஜி' என்று செதுக்கியவர் கையொப்பம் உள்ள யுவானோ உங்களிடம் இருந்தால், முதலில் சந்தேகப்படுங்கள். போலி மிகுந்தவை அவைதான். அப்படிப்பட்டவற்றுக்கு மட்டும் பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி. (நாணயங்களைச் சோதித்துத் தரம் சொல்லும் அமெரிக்க நிறுவனங்கள்) தரச்சான்று எடுப்பது செலவுக்குத் தகும். ஒரு எச்சரிக்கை: நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் தொல்பொருளாகக் கருதப்படும். தொல்லியல் துறையிடம் கேட்காமல் தபாலில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.