ஆட்டோமேட்டிக்கைக் கழற்றி மேனுவல் போட்டாச்சு, வயரிங்?

குன்னூரில் ஆட்டோ எலக்ட்ரிக் பட்டறை வைத்து இருபது வருடம் தாண்டிவிட்டது. கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றுவது என் வேலை இல்லை. மெக்கானிக் அதை முடித்து, "வண்டி ரெடி, வயரிங் மட்டும் பார்த்துக்குங்க" என்று அனுப்பிய பிறகுதான் என்னிடம் வரும். அந்த "மட்டும்" மூன்று நாள் இழுக்கும். இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியே என்பதால் சேர்த்தே எழுதுகிறேன்.

கேத்தி பாலாடாவிலிருந்து, கேரட் லோடு ஓட்டுபவர்: அண்ணா, ஆட்டோமேட்டிக் பிக்கப்பில் மேனுவல் பாக்ஸ் ஏற்றினோம். சாவி போட்டால் டேஷ்போர்டு விளக்கெல்லாம் வருகிறது. செல்ஃப் மட்டும் 'டக்' என்றுகூடச் சொல்லவில்லை. ரெண்டு வயரை முறுக்கிவிட்டால் போதும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?

முறுக்கினால் செல்ஃப் எடுக்கும், அது உண்மை. ஆனால் செய்யாதீர்கள்.

ஆட்டோமேட்டிக் பாக்ஸின் பக்கவாட்டில் ஒரு நியூட்ரல் சுவிட்ச் இருந்திருக்கும். லிவர் பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் செல்ஃப் ரிலேக்குக் கரன்ட் போகும். பாக்ஸோடு அந்தச் சுவிட்சும் போய்விட்டது, சர்க்யூட் நடுவில் அறுந்து கிடக்கிறது. செல்ஃப் மோட்டார் நன்றாகத்தான் இருக்கும், அவசரப்பட்டுப் புதிது வாங்காதீர்கள்.

நேராக முறுக்கிவிட்டால், கியரில் நிற்கும் வண்டியிலும் செல்ஃப் அடிக்கும். நம் மலையில் வண்டியைக் கியரில் போடாமல் யார் நிறுத்துகிறார்கள்? அப்படி முறுக்கிவிட்ட ஒரு பிக்கப் என் பட்டறைக்கே வந்தது. ஓனர் வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். வண்டி தவளை மாதிரி ஒரு முழம் தாவி, முன்னால் இருந்த என் பேட்டரி சார்ஜரை நசுக்கிக்கொண்டு நின்றது. என்ஜின் அந்தத் தாவலில் பற்றியிருந்தால் எதிரே டீக்கடை. சார்ஜர் போனதோடு சரி.

பழைய நியூட்ரல் சுவிட்சுக்குப் போன கப்ளரை, அதாவது வயர்களின் பிளக்கை, தேடுங்கள். அதில் எட்டு, பத்து வயர் இருக்கலாம். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது மட்டும் எதில் 12 வோல்ட் வருகிறதோ அது ஒரு முனை. அங்கிருந்து ரிலே காயிலுக்குப் போவது மறுமுனை. இந்த இரண்டுக்கும் நடுவே கிளட்ச் பெடலில் ஒரு சுவிட்சை வையுங்கள். சில வண்டிகளில் செல்ஃப் ரிலேயை என்ஜின் கம்ப்யூட்டரான ஈசிஎம்மே இயக்கும். அதில் இந்த வேலை பலிக்காது, ஈசிஎம்முக்கு நியூட்ரல் சிக்னல் எந்த வயரில் போகிறது என்று வயரிங் வரைபடத்தைப் பார்த்தே தொடவேண்டும்.

கோத்தகிரி: கிளட்ச் சுவிட்ச் போட்டுவிட்டேன். ஆனால் பெடலில் கால் பட்டாலே செல்ஃப் எடுக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை. நீங்கள் போட்டது பெடலின் மேல்முனைச் சுவிட்ச். அது, ஆக்ஸிலேட்டர் மிதிக்காமலே வேகத்தைப் பிடித்து வைக்கும் குரூஸ் கன்ட்ரோலைத் துண்டிப்பதற்கானது, லேசாக மிதித்ததுமே மாறும். செல்ஃபுக்கு வேண்டியது பெடல் அடிமட்டத்துக்கு வந்ததும் மூடும் சுவிட்ச். இரண்டும் தனித்தனி. குரூஸ் இருக்கிற வண்டியென்றால் மேல்முனைச் சுவிட்சையும் கட்டாயம் இணையுங்கள், இல்லாவிட்டால் குரூஸ் ஓடும்போது கிளட்ச் மிதித்ததும் என்ஜின் அலறும்.

அருவங்காடு: ரிவர்ஸ் லைட் எரியவில்லை.

அதுவும் அதே பழைய நியூட்ரல் சுவிட்ச் வழியாகத்தான் போயிருக்கும். மேனுவல் பாக்ஸில் ரிவர்ஸுக்கென்று இரண்டு வயர் சுவிட்ச் திருகியிருக்கும், எந்த வயர் எந்தப் பக்கம் என்ற கவலை வேண்டாம். பழைய கப்ளரில் இக்னிஷன் 12 வோல்ட் வரும் வயரையும், பின்விளக்கு வரை கன்டினியூட்டி (அறுபடாத தொடர்பு) காட்டும் வயரையும் கண்டுபிடித்து அதற்குக் கொடுங்கள். கொடுத்த பிறகு பியூஸ் போனால், பாக்ஸுக்கும் அதன் மேலே தரை மேடாக இருக்கும் டனலுக்கும் நடுவே வயர் நசுங்கியிருக்கிறது. சைலன்சர் பைப்பில் பட்டு உருகியும் இருக்கலாம்.

கூடலூர்: செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. பேட்டரி புதிது. ஸ்டார்ட் செய்யும்போது ஆக்ஸிலேட்டர் கேபிள் கைவைக்க முடியாத சூடு. அதற்கும் செல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் சார்?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கேபிளைத் தொட்டுப் பார்த்தீர்களே, அதில்தான் விடை இருக்கிறது.

என்ஜின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரன்ட் கடத்தாது. அதனால் என்ஜினிலிருந்தோ கியர் பாக்ஸிலிருந்தோ சேசிஸுக்கு ஒரு பின்னல் எர்த் பட்டை போட்டிருப்பார்கள். பல வண்டிகளில் அது பெல் ஹவுசிங் (என்ஜினோடு பாக்ஸ் சேரும் கூடு) போல்ட்டில்தான் மாட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக்கைக் கழற்றும்போது அந்தப் பட்டையைக் கழற்றினார்கள், திரும்ப மாட்டவில்லை. ஒரு டீசல் செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். வழி இல்லையென்றால் கிடைத்த இரும்பு வழியே போகும். உங்கள் வண்டியில் அது ஆக்ஸிலேட்டர் கேபிளின் ஸ்பிரிங் உறை. சிலருக்கு ஹேண்ட்பிரேக் கேபிள். சிலருக்கு சென்சாரின் மெல்லிய எர்த் வயர் வழியே போய், ஈசிஎம்மையே கருக்கிவிடும்.

சோதனை சுலபம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், கிளாம்ப்பில் அல்ல, கம்பத்திலேயே அழுத்துங்கள். மறுமுனையை என்ஜின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினாலே எர்த் சரியில்லை என்று அர்த்தம். போன வருடம் இதே புகாரோடு வந்த ஒரு வண்டியில் எனக்கு 4 வோல்ட் காட்டியது! பழைய பட்டை கிடைக்காவிட்டால் தடிமனான பேட்டரி கேபிள் ஒன்றைப் போடுங்கள், போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு. கருகிய கேபிளையும் மாற்றிவிடுங்கள், உள்ளே பிசிர் விட்டிருக்கும்.

மஞ்சூர்: செக் லைட் அணையவே இல்லை, ஏற்றத்தில் இழுவையும் குறைந்துவிட்டது. ஸ்கேனரில் யு0101, பி0705 என்று வந்தது.

யு0101 என்றால் "கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர் பேசவில்லை" என்று பொருள். பி0705 என்றால் "லிவர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை". இரண்டும் இப்போது இல்லாத பொருள்கள். வண்டி சொல்வது பொய்யில்லை, கியர் பாக்ஸ் மாறியதை அதற்கு யாரும் சொல்லவில்லை. பயந்துபோய் லிம்ப் மோடுக்கு, அதாவது சக்தியைக் குறைத்து ஓடும் பாதுகாப்பு நிலைக்கு, போயிருக்கிறது, அதனால்தான் இழுவை குறைவு.

பழைய பாக்ஸின் சொலினாய்டு (மின்காந்த வால்வு) இருந்த இடத்தில் ரெசிஸ்டர் வைத்து கம்ப்யூட்டரை ஏமாற்றுவதாகச் சிலர் சொல்வார்கள். கணக்குப் பாருங்கள்: 22 ஓம் ரெசிஸ்டரில் 12 வோல்ட் நின்றால் ஆறரை வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டரை டேப் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்தவரின் வண்டியை நான் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக் குழைந்து தொங்கியது. அது எனக்குப் பிடிக்காது. அதே என்ஜினின் மேனுவல் மாடலுக்கான புரோகிராமை ஈசிஎம்மில் ஏற்றுவதே முறையானது. அல்லது மேனுவல் வண்டியின் ஈசிஎம்மையே போடலாம், ஆனால் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) சாவியை அதனோடு பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது.

ஒன்றை முதலில் பாருங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்டில் 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் நடுவே ஓம் அளந்தால் சுமார் 60 வரவேண்டும். 120 வந்தால் கேன் லைனின், அதாவது கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் ஜோடியின், ஒரு முனை ரெசிஸ்டர் காணாமல் போயிருக்கிறது. கழற்றிய கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் அது இருந்திருக்கலாம்.

குந்தா: சாவி வெளியே வர மறுக்கிறது.

பழைய லிவரில் 'பார்க்'கில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்ச் போய்விட்டது. கேபிள் வகையென்றால் கேபிளைக் கழற்றினால் போதும். வயர் வகையென்றால் பூட்டில் உள்ள சொலினாய்டை எடுக்கவேண்டும். அதை எடுத்த பிறகு, ஓடும்போது சாவி லாக் வரை தற்செயலாகத் திரும்பாதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

ஊட்டி: நாற்பதில் போனால் மீட்டர் அறுபது காட்டுகிறது.

எந்த வேகத்திலும் அதே ஒன்றரை மடங்கா? அப்படியென்றால் வயரிங் சரி, புது பாக்ஸில் உள்ள வேக சென்சார் கிலோமீட்டருக்கு அனுப்பும் பல்ஸ் எண்ணிக்கைதான் வேறு. இடையில் பல்ஸைக் குறைக்கும் சிறு சாதனம் வைக்கலாம், புரோகிராமிலும் திருத்தலாம். முள் ஆடி ஆடிக் காட்டினால்தான் வயரைத் தேடவேண்டும், ஆல்டர்னேட்டர் கேபிளை ஒட்டிப் போயிருக்கும். ஏபிஎஸ் சக்கர சென்சாரிலிருந்து வேகம் எடுக்கும் வண்டிகளில் இந்தத் தொந்தரவே இல்லை.

தேவாலா: மழை தொடங்கியதும் ஒவ்வொன்றாக நின்றுவிடுகிறது. வெயிலில் சரியாகிவிடுகிறது.

ஜாயின்ட். உங்கள் ஊர் மழைக்கு இன்சுலேஷன் டேப் இரண்டு மாதம் தாங்காது. அவிழ்த்துப் பாருங்கள், செம்பு பச்சை பூத்திருக்கும். பச்சை பூத்த வயரைச் சுரண்டி மறுபடி முறுக்காதீர்கள், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டு கிரிம்ப் அடித்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போடுங்கள். கப்ளருக்குப் போகும் வயர் ஒரு வளைவு தொங்கி மேலே ஏறவேண்டும், தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உபயோகமில்லாத பழைய வயர்களை அறுத்த நிலையில் தொங்கவிடாதீர்கள். அதில் சிலவற்றில் இன்னும் 12 வோல்ட் நிற்கும்.

குன்னூர்: இதெல்லாம் சட்டப்படி சரியா, சார்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவைப் பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாக்ஸை இறக்கும் முன்பே கேளுங்கள், இன்சூரன்ஸுக்கும் எழுத்தில் சொல்லுங்கள்.

மசினகுடி: சனிக்கிழமை காலையில் கொடுத்தால் ஞாயிறு கல்லட்டி ஏற முடியுமா?

முடியாது, தம்பி. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. திங்கட்கிழமை வாங்க, வரும்போது பழைய நியூட்ரல் சுவிட்சின் கப்ளரை அறுக்காமல் எடுத்து வாங்க.