கல்லடிக் கடற்கரைப் படங்கள் ஏன் வெறுமையாக வருகின்றன?

மட்டக்களப்பு, கல்லடியில் எடுக்கும் படங்களில் ஏதோ குறைகிறது என்று கேட்டிருந்தீர்கள். கடலும் வானமும் மட்டும் இருந்தால் அப்படித்தான். முன்னால் ஏதாவது வேண்டும்: கரையேற்றிய தோணி, வலைக் குவியல், ஈர மணலில் அலை விட்டுப்போன கோடு, எதுவானாலும் சரி. கமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் அது பெரிதாகத் தெரியும். அடிவானத்தை நடுவில் வைக்காதீர்கள்.

நம் கடல் கிழக்கே இருப்பதால் நமக்குக் கடலில் உதயம் மட்டும்தான். சூரியன் மறைவதை எடுக்க வாவிப் பக்கம், கல்லடிப் பாலத்தடிக்குப் போக வேண்டும். உதயத்துக்கு அரை மணி முன்பே போய் நில்லுங்கள்.

அப்புறம் எடிட்டிங். முதலில் அடிவானத்தை நேராக்குங்கள். சரிந்த கடலைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். முற்றாக வெளுத்த வானம் ரோ (RAW) கோப்பிலும், அதாவது கமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பிலும், மீளாது. அதனால் எடுக்கும்போதே சற்று இருட்டாக எடுத்து, இருண்ட பகுதிகளைப் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சமாக்குங்கள்.