மலைக்கிராமப் பள்ளியில் ஓவியம், கோலம், பொம்மலாட்டம் வைத்துப் பாடம் நடத்த முடியுமா?

கேட்டவர் மலைமேல் இருக்கும் ஈராசிரியர் பள்ளிக்குப் புதிதாகப் போயிருக்கிறார். ஓவிய ஆசிரியர் கிடையாது, கலர் பென்சில் வாங்கவும் காசில்லை, பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை, இதில் கலைக்கு எங்கே போவது என்கிறார்.

ஜவ்வாது மலையில் இதே மாதிரிப் பள்ளி ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். தாராளமாக முடியும். ஆனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். பாடமே அதன் வழியாக நடக்கட்டும்.

நான்காம் வகுப்புக்கு வரைபடம் நடத்தியதைச் சொல்கிறேன். ரயில் நிலையம், பூங்கா, தபால் நிலையம் எல்லாம் கரும்பலகையில் வரைந்து திசை கேட்டேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. ரயிலையே பார்க்காத பிள்ளைகள் அவர்கள். மறுநாள் எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போய், "உங்க வீட்டிலிருந்து பள்ளிக்கு வர்ற வழியைத் தரையில் போடுங்க" என்றேன். அடுப்புச் சாம்பல், செங்கல் தூள், கரித்துண்டு, கூழாங்கல், இவ்வளவுதான் பொருள்.

ஒரு பையன் ஓடையைத் தன் இரண்டு கையையும் விரித்த அகலத்துக்குச் சாம்பலால் இழுத்திருந்தான். பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவு. "ஓடை இவ்வளவு பெரிசா?" என்று கேட்டேன். "மழ பேஞ்சா அங்கதான் சார் ரொம்ப நேரம் நிப்போம், தண்ணி வடியணும்ல" என்றான். அந்த மாதம் முழுக்க லேட்டாக வந்ததற்காக அவனை வாசலில் நிற்க வைத்தவன் நான். தூரத்தை அல்ல, நேரத்தை வரைந்திருக்கிறான் பிள்ளை. அன்றிலிருந்து மழை நாட்களில் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைக் கடைசியாகத்தான் கூப்பிட்டேன்.

அடுத்த நாள் வழியைக் காலடியால் அளந்து, நூறு காலடிக்கு ஒரு கூழாங்கல் என்று வைத்து, பக்கத்திலேயே இன்னொரு படம் போட்டோம். இப்போது ஓடை ஒரு விரற்கடைக்குச் சுருங்கிவிட்டது. அளவுகோல் என்றால் என்ன என்பதை நான் தனியாக நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் பாப்புன்யா என்ற ஊர் இருக்கிறது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து சுமார் 240 கிலோமீட்டர். 1971இல் அங்கே ஓவியம் நடத்தப் போன ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர், பழங்குடிப் பிள்ளைகள் வகுப்பில் கௌபாய் படம் வரைவதையும், வெளியே மணலில் தங்கள் ஊர்க் கோலங்களை இழுப்பதையும் கவனித்தார். அந்தக் கோலங்களையே வரையச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் வந்து பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையைத் தீட்டினார்கள். இன்று உலகம் கொண்டாடும் பாலைவன ஓவிய மரபு அங்கிருந்துதான் கிளம்பியது. கலையை நாம் மேலே சுமந்துகொண்டு போகத் தேவையில்லை என்று நான் சொல்வது இதனால்தான். அது அங்கேயே இருக்கிறது.

கோலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இடுக்குப் புள்ளி, 7இல் தொடங்கி 4இல் நிறுத்தினால் மொத்தம் எத்தனை புள்ளி? முதலில் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். அப்புறம் ஒருத்தி, "நடுவுல 7, மேல 6, 5, 4, கீழயும் அதே, அப்போ 37" என்று எண்ணாமலே சொல்லுவாள். சமச்சீரும் கூட்டலும் பெருக்கலும் அந்தக் கோலத்துக்குள்ளேயே கிடக்கின்றன.

பொம்மலாட்டம் மொழிக்கு. வீட்டில் பேசும் பேச்சும் புத்தகத் தமிழும் வேறு வேறாக இருக்கிற பிள்ளைகளுக்கு, தப்பாகப் பேசிவிடுவோமோ என்ற பயம் அதிகம். பொம்மை பேசும்போது அந்தப் பயம் இருக்காது. மக்காச்சோளச் சக்கையில் துணி சுற்றினால் பொம்மை தயார். வீட்டில் பாட்டி சொன்ன கதையைப் பொம்மை வீட்டுப் பேச்சிலேயே சொல்லட்டும், பிறகு அதையே எழுதுங்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு 2022இல் வந்த, எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் கற்றுத்தரும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்திலேயே பாட்டு, கதை, பொம்மலாட்டத்துக்கு இடம் இருக்கிறது. அதனால் யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம்.

ஒரு தடவை நகரத்திலிருந்து தன்னார்வலர்கள் வந்து இரண்டு நாளில் எங்கள் சுவர் முழுக்கப் பென்குயினும் ஐஸ்கிரீமும் வரைந்துவிட்டுப் போனார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாளும் பிள்ளைகள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள், அது எனக்கு இன்றும் வருத்தம். உங்களுக்கு யாராவது உதவ முன்வந்தால், தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குச் சுவரில் கரும்பலகைப் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லுங்கள். 2007-08இல் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் முறை) மாநிலம் முழுக்க வந்தபோது பிள்ளைகள் உயரத்துக்கு அப்படிப் பலகை போட்டார்கள். உங்கள் பள்ளியிலும் பழைய பீரோவுக்குப் பின்னால் ஒன்று இருக்கலாம், நகர்த்திப் பாருங்கள்.

படத்துக்கு மார்க் போடாதீர்கள். வரைந்து முடித்ததும் "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லு" என்று கேளுங்கள். மழைக்காலத்தில் முற்றம் சேறாகிவிடும், அதனால் சாம்பலும் செங்கல் தூளும் இப்போதே இரண்டு டப்பாவில் சேர்த்து வையுங்கள், வராந்தாவில் போட்டுக்கொள்ளலாம்.